உப்புப் பனிக்கட்டியில் ஆறு உருக்குத் துண்டுகள்

1962 ஜனவரி 17, புதன்கிழமை, காலை மணி 7.10. கையில் ஆறு உருக்குத் துண்டுகள். சிங்கப்பூர் தஞ்சோங் ரூவில் எங்கள் பட்டறையில் நிற்கும் கப்பலுக்கு அடித்தகடு மாற்ற வேண்டும். தகடுகள் இரண்டு அடுக்காக வந்திருந்தன; ஒவ்வொரு அடுக்கிலும் மூன்று துண்டு வெட்டியிருந்தேன். கப்பல் அடுத்துப் போவது வட ஜப்பானுக்கு. அங்கே இப்போது உறைபனி. எந்த அடுக்கைப் போடுவது என்று மாலை நான்கு மணிக்குள் நான் சொல்ல வேண்டும்.

“ரெண்டும் நல்லாத்தான வளையுது?” என்றார் போர்மன் அந்தோணி. நம் ஊர் வெயிலில் எதுவும் வளையும். குளிரில்தான் சில தகடுகள் கண்ணாடி மாதிரி உடையும்.

சிராங்கூன் சாலையில் பனிக்கட்டியும், அதன் குளிரைக் கூட்டக் கல்லுப்பும் வாங்கி, துண்டுகளோடு ஒரு தகர டின்னில் போட்டேன். பட்டறை லாரியில் புக்கித் தீமா சோதனைக்கூடம் ஆறு மைல், முப்பத்தைந்து நிமிடம். ஓட்டியவர் மாணிக்கம் அண்ணன்.

“பேசாம இந்த ஐஸச் சீவி, பாகு ஊத்தி, ஐஸ் கச்சாங் கடை போடு தம்பி. சம்பளத்தவிட கூட வரும்லா.”

கூடத்தில் ஊசல் சுத்தியல் ஆறு முறை இறங்கியது. மூன்று துண்டுகள் பட்டென்று இரண்டாயின. உடைந்த முகம் சீனி போல மின்னியது. மூன்று மடங்கிக் கிழிந்தன. முகம் மங்கிய சாம்பல் நிறம். எந்தத் துண்டு எந்த அடுக்கு என்று பார்த்தால், நான் சாக்கட்டியில் எழுதியிருந்த எண்களை உப்புநீர் கழுவிவிட்டிருந்தது.

“ஒடஞ்சது முதல் அடுக்குதான். சந்தேகமே இல்ல,” என்றேன்.

“அப்ப எதுக்குலா இவ்வளவு தூரம் வந்தோம்? வீட்டுல உக்காந்தே எழுதியிருக்கலாமே,” என்றார் மாணிக்கம் அண்ணன்.

கோபம் வந்தது. நோட்டைப் புரட்டினேன்.

திங்களன்று இரண்டு அடுக்கையும் இதே கூடத்து நுண்ணோக்கியில் பார்த்து நோட்டில் வரைந்திருந்தேன். முதல் அடுக்கில் படிகமணிகள் பெரியவை, இரண்டாவதில் பொடி. ஆறு துண்டுகளையும் தேய்த்து மெருகேற்றி, அமிலம் தடவிப் பார்த்தேன். இரண்டரை மணி நேரம். உடைந்த மூன்றிலும் பெரிய மணிகள். மணி பெரிதானால் விரிசல் தடையில்லாமல் ஓடும். பொடி மணிகளில் எல்லைக்கு எல்லை முட்டி நிற்கும்.

3.20க்குப் பட்டறை. அந்தோணி உடைந்த துண்டின் சீனி முகத்தை விரலால் தடவினார். “ரெண்டாவது அடுக்கையே தூக்குங்கப்பா,” என்று ஆட்களிடம் சொன்னார்.

இதே வேலையாகப் புக்கித் தீமா போகிறவர்கள் உப்பைச் சிராங்கூன் சாலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கூடத்தின் பக்கத்தில் கடை இல்லை. நான் இனிச் செய்யப்போவது:

1. எண்ணை உளியால் வெட்டுவது. சாக்கட்டி பள்ளிக்கூடத்துக்கு.
2. பனிக்கட்டி இரண்டு பங்கு வாங்குவது; பாதி வழியிலேயே உருகுகிறது.
3. “சந்தேகமே இல்ல” என்று சொல்லுமுன் நுண்ணோக்கியில் பார்ப்பது.
4. மாணிக்கம் அண்ணனுக்கு ஒரு ஐஸ் கச்சாங்.