நான்காவது சைலஸ்

இது நடந்தது. போலீஸ்காரர் நம்பவில்லை. என் தம்பி மகள் கெய்லியும் நம்பவில்லை. நம்பாதவர்கள் வந்து என் பின்கதவைப் பார்க்கலாம். புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். பழையது வெளியிலிருந்து உடைந்தது. சில்லுகளெல்லாம் வீட்டுக்குள் கிடந்தன. வெளியே மனிதர் யாரும் இல்லை.

என் பெயர் நெவில். இங்கிலாந்தில் சாட்டரிஸ் ஊருக்கு வடக்கே, ஃபென் என்கிற, சதுப்பை வடித்தெடுத்த கரிசல் காட்டில், வாய்க்கால் ஓரம் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து வாய்க்கால் தூர்வாரினேன். குளிர்காலத்தில் சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் ஏற்றினேன். முதுகு போயிற்று. அறுபது வயதில் வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவனுக்கு ஏதாவது வேலை வேண்டுமே. குடும்பத்தின் வேரைத் தேட ஆரம்பித்தேன்.

எங்கள் குடும்பத்தில் தேடிப் பெருமைப்பட ஒன்றும் கிடையாது. நிலம் அடுத்தவனுடையது, வீடும் அடுத்தவனுடையது. பிறந்தார்கள், மண் வெட்டினார்கள், செத்தார்கள். தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்ததும் அடக்கம் செய்ததும்தான் அவர்கள் விட்டுப்போன தடயம். அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். என் தாத்தாவின் அப்பா ஆமோஸ். அவருடைய அம்மா கெசியா.

கெசியாவுக்கு ஆமோஸுக்கு முன்னால் மூன்று ஆண் பிள்ளைகள். மூன்று பேருக்கும் ஒரே பெயர். சைலஸ்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அப்படித்தான். பிள்ளை செத்தால் அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள். முதல் சைலஸ் செத்தான், இரண்டாவது வந்தான். அவனும் செத்தான், மூன்றாவது வந்தான். மூன்று பேரும் பல் முளைப்பதற்குள் போய்விட்டார்கள். மூன்று பேரும் களை வெட்டும் பருவத்தில் செத்தவர்கள்.

ஃபென்காரனுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. களை வெட்டும் பருவத்தில் பெண்கள் கூட்டமாக வயலுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் குழந்தை அழாமல் கிடக்க வேண்டும். ஒவ்வொரு குடிசைக்குப் பின்னாலும் வெள்ளைப் பூ பூக்கும் கசகசாச் செடி இருந்தது, அபின் எடுக்கிற செடி. காய்ந்த காயைக் கொதிக்க வைத்து, துணியை முடிந்து அதில் நனைத்து, குழந்தை வாயில் வைப்பார்கள். குழந்தை தூங்கும். சில நாள் கொஞ்சம் கூடிப்போகும். எழுந்திருக்காது.

நான் வரைந்த வம்ச மரத்தில் கெசியாவின் பெயருக்குக் கீழே மையால் எழுதினேன். 'மூன்று மகன்களைக் கஷாயம் கொடுத்துக் கொன்றவள்.' பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவன் மாதிரி அன்றைக்கு எனக்கு ஒரு திருப்தி.

எட்னா அத்தையிடம் அதைக் கொண்டுபோனேன். அப்பாவின் தங்கை. தொண்ணூறு தாண்டியவள். முதியோர் இல்லத்தில் ஜன்னலோர நாற்காலியை யாருக்கும் விடாமல் பிடித்து வைத்திருப்பவள்.

“என்னடா, பொணத்தையெல்லாம் எண்ணி முடிச்சிட்டியா?” என்றாள்.

“உன் பேரும் எழுதியாச்சு அத்தை. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கேன்.”

“உனக்கு முன்னாடி நான் போகமாட்டேன். உன் முதுகைப் பாரு, வளைஞ்ச ஆணி மாதிரி.”

அவளுக்கு எழுத்து படிக்கக் கண் தெரியாது. நானும் வாசித்துக் காட்டவில்லை. கெய்லிக்கு ஆண் குழந்தை பிறக்கப்போகிறது, சைலஸ் என்று வைக்கச் சொல்லப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அத்தை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பேரு வேண்டாம்.”

“ஏன்?”

“வேண்டாம்னா வேண்டாம். நம்ம வீட்ல அதைப் பேசறதில்ல. அந்த பிஸ்கட் டப்பாவ எடு.”

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அதனால் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கெய்லி என் தம்பி மகள். தம்பி உயிரோடு இல்லை. பிள்ளையைக் கொடுத்தவன் ஸ்காட்லாந்துப் பக்கம் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைக்கு வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. அவளுக்கு நான்தான்.

“சைலஸ்... கேக்க ஸ்டைலா இருக்கே பெரியப்பா. யாரு அது?”

“நம்ம குடும்பத்துப் பழைய பேரு.”

“நல்லா வாழ்ந்த ஆளா?”

“மூணு பேர் இருந்தாங்க,” என்றேன்.

பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை. என் மரத்தில் ஒரு சைலஸாவது வளர்ந்து ஆளாக வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைக்காக ஒரு பச்சைக் குழந்தைக்குச் செத்தவர்கள் பெயரை மாட்டிவிட்டேன்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆன அடுத்த வாரம், கெசியாவின் குடிசை இருந்த இடத்தைத் தேடிப் போனேன். சுவர் கூட இல்லை. உழுத கரிசல்தான். ஆனால் வாய்க்கால் மேட்டில் கசகசாச் செடி நின்றது. யாரும் விதைக்காமல், தானாக முளைத்து முளைத்து இத்தனை வருஷம். காய்ந்த காய்களைக் கொத்தாக ஒடித்து வந்தேன். ஜாம் பாட்டிலில் செருகிச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். குடும்பச் சொத்து என்று சொல்லிச் சிரித்தேன்.

கெய்லிக்குக் காய்கறி பேக்கிங் கூடத்தில் காலை ஷிஃப்ட். விடிவதற்கு முன்னால் குழந்தையை என்னிடம் விட்டுப் போவாள். இரண்டு மணிக்கு மேல் வந்து தூக்கிப்போவாள். சைலஸ் அழுகிற குழந்தை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்துவான். முதுகு வலியோடு அவனைத் தோளில் போட்டு நடப்பேன். ஒரு நாள், 'ஒரு மணி நேரம் இவன் வாய மூடினா போதும்' என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சமையலறையில் நின்றுதான் சொன்னேன்.

மறுநாளிலிருந்து அவன் தூங்க ஆரம்பித்தான்.

“என்கிட்ட மட்டும் கத்துறான். உங்ககிட்ட பெட்டிப் பாம்பா அடங்கிடுறான். என்ன மந்திரம் போட்டீங்க?” என்றாள் கெய்லி.

“உழைச்ச கைம்மா. புள்ளைக்குத் தெரியும்.”

“ஆமா, பெரிய கை. நாப்கின தலைகீழா மாட்டின கை.”

இரண்டு பேரும் சிரித்தோம்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் சரியில்லை. நான்தான் கண்டுகொள்ளவில்லை. எனக்கும் மத்தியானத்தில் தூக்கம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் நடுவில் கொஞ்ச நேரம் காணாமல் போய்விடும். விழித்தால் அடுப்பில் சின்னப் பாத்திரம் சூடாக இருக்கும். பால் சுட வைத்திருப்பேன், மறந்திருப்பேன் என்று நினைத்தேன். பாட்டிலில் காய்கள் குறைந்த மாதிரி இருந்தது. எலி என்று நினைத்தேன்.

அப்புறம் அந்தத் தட்டல்.

சரியாக மத்தியானம். பின்கதவில். விரலால் தட்டுகிற சத்தம் இல்லை. உள்ளங்கையால் அறைகிற சத்தம். தப்... தப்... தப்... போய்த் திறந்தால் யாரும் இல்லை. படிக்கட்டுக் கல்லில் கருப்புச் சேறு. அதன் மேல் வெள்ளையாகச் சில சொட்டுகள். தொட்டுப் பார்த்தேன். நீர்த்த பால் மாதிரி... வெதுவெதுப்பாக இருந்தது.

பூனை எதையோ கொட்டிவிட்டது என்று கல்லைக் கழுவிவிட்டேன்.

அது நவம்பர் மாதம், புதன்கிழமை. காலையிலிருந்து மூடுபனி. வாய்க்கால் தெரியவில்லை, வேலி தெரியவில்லை. சைலஸ் விடாமல் அழுதான். பால் பாட்டிலைத் தள்ளினான். என் முதுகில் யாரோ மண்வெட்டியை இறக்குகிற மாதிரி வலி. அவனை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் காணாமல் போயிற்று.

தப்... தப்... தப்...

விழித்தேன். அழுகை இல்லை. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டியிருந்தது. வீடு முழுக்க ஒரு நாற்றம். நனைந்த வைக்கோலை வேகவைத்த மாதிரி.

பின்கதவின் மேல்பாதி கண்ணாடி. அதற்கு வெளியே ஒரு பெண் நின்றாள்.

கோணிச்சாக்கை முன்னால் இடுப்பில் கட்டியிருந்தாள். தலையில் துணித் தொப்பி. முழங்கை வரை கரிசல் மண். படத்தில் கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் யார் என்று எனக்குத் தெரிந்தது.

கதவைத் தாழிட எழுந்தேன். தாழ் ஏற்கெனவே போட்டிருந்தது.

பகலில் நான் தாழ் போடுவதே இல்லை.

அதைக்கூட அப்போது யோசிக்கவில்லை. நல்லதாயிற்று என்றுதான் நினைத்தேன்.

“போயிடு,” என்றேன். “மூணு பேர் போதாதா உனக்கு?”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தாள். சத்தம் வந்தது. பேச்சு இல்லை... வயலுக்கு அந்தக் கோடியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம்.

தப். தப்.

குழந்தையை இறுக்கிக்கொண்டேன். அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

தப். தப். தப்.

“தரமாட்டேன்,” என்றேன்.

கண்ணாடி உடைந்தது.

சில்லு என் கழுத்தில் தெறித்தது. பயத்தில் குனிந்தேன்...

அப்போதுதான் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன்.

உதடு நீலமாக இருந்தது.

வாயில் துணி.

என் கைக்குட்டை. நுனி முடிந்திருந்தது. பழுப்பாக நனைந்திருந்தது...

அதைப் பிடித்திருந்தது என் விரல்.

துணியைப் பிடுங்கி எறிந்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். தரையில் கிடத்தி, அவர்கள் போனில் சொன்னபடி ஊதினேன், அழுத்தினேன். கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவர்கள் வரும்வரை, உடைந்த கண்ணாடிக்கு வெளியே யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஊசி போட்டார்கள். அவன் ஒருமுறை இருமினான். பிறகு கத்தினான். அந்த மூச்சுச் சத்தம் அதற்குப் பிறகு இல்லை.

சைலஸ் பிழைத்தான்.

இரத்தத்தில் அபின் இருந்தது. அன்றைக்கு மட்டும் கொடுத்ததல்ல, நாள்பட்டது என்றார் டாக்டர். அடுப்புப் பாத்திரத்தில் வண்டல். என் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் பழுப்புக் கறை. நான் செய்யவில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அந்தக் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கண்ணாடிய யார் உடைச்சா?” என்றார் போலீஸ்காரர்.

சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. கெய்லி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரே ஒரு தடவை என்னிடம் பேசினாள்.

“அழுதா என்கிட்ட சொல்லியிருக்கலாமே பெரியப்பா. நான் வேலைய விட்டிருப்பேனே.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குழந்தையோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று என்னிடம் சொல்லக்கூடாது என்று கோர்ட் உத்தரவு. அது சரிதான்.

அதற்கப்புறம்தான் எட்னா அத்தையிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். கெசியாவின் பெயருக்குக் கீழே நான் எழுதியதையும் சொன்னேன்.

அன்றைக்கு அவளிடம் கேலி இல்லை.

“மடையா,” என்றாள். “அவ எங்கடா குடுத்தா? அவ இருட்டோட போயி இருட்டோட வர்றவ. வீட்ல இருந்தது ஜேபெஸ்.”

“யாரு ஜேபெஸ்?”

“அவ புருஷனோட அண்ணன். வாய்க்கால் வெட்டி முதுகு ஒடிஞ்சவன். வேலைக்கு ஆகமாட்டான்னு புள்ளையப் பாத்துக்க வெச்சாங்க. அவனுக்கு அழுக சத்தம் ஆகாது.”

என் மரத்தில் ஜேபெஸ் இல்லை. கல்யாணம் ஆகாதவன், பிள்ளை இல்லாதவன். அவனை நான் தேடவே இல்லை.

“மத்தியானம் பால் குடுக்க அவ வயல்லேருந்து ஓடி வருவாளாம்,” என்றாள் அத்தை. “புள்ள அப்பத்தான் தூங்குது, எழுப்பாதேன்னு அவன் கதவத் தாழ் போட்டுக்குவான். நல்லா தூங்குதேன்னு மொத ரெண்டு தடவையும் நம்பிட்டா. மூணாவது புள்ளைக்குத்தான் அவளுக்குப் புரிஞ்சுது. கதவ அறைஞ்சு அறைஞ்சு பாத்தாளாம். அன்னிக்கும் திறக்கல.”

“அப்புறம்?”

“அப்புறம் ஆமோஸ் பொறந்தான். வேற பேரு வெச்சா. அவன் பொறக்கறதுக்குள்ள வீட்ல ஜேபெஸ் இல்ல.”

“எங்க போனான்?”

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எங்கயும் போகல. ராத்திரி அவனுக்குக் கஞ்சி குடுத்தது அவதான். காலையில அவன் எந்திரிக்கல. மூணு புள்ள போனப்பவும் யாரும் எதுவும் கேக்கலல்ல? அவனுக்கும் யாரும் கேக்கல. எங்க அப்பா சாகறப்ப எங்கிட்ட சொன்னாரு. நான் யார்கிட்டயும் சொல்லல.”

வீட்டுக்கு வந்து கெசியாவின் பெயருக்குக் கீழே எழுதியதை அடித்தேன். மை போகவில்லை. தாளையே கிழித்துப் போட்டேன்.

நான் இப்போது தனியாகத்தான் இருக்கிறேன். தினமும் இருட்டினால் தூங்கிவிடுகிறேன். ஆழ்ந்த தூக்கம். கனவில்லை, முதுகு வலி கூட இல்லை. விழிப்பதுதான் நாளுக்கு நாள் தள்ளிப்போகிறது. முந்தாநாள் மத்தியானம் ஆயிற்று. நேற்று சாயங்காலம். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கஞ்சிக் கிண்ணம் இருந்தது, கழுவாமல். நான் கஞ்சி வைப்பதில்லை.

வாயெல்லாம் கசப்பு.

துப்பவில்லை. விழுங்கினேன்.