இரண்டு குத்து வார்டு

எண்ணும் மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: எண்ணும் அதிகாரி ஒருவர். அவருக்குத் துணையாக ஒரு டீச்சர். சீட்டைப் பிரித்து அடுக்க ஒரு கிளார்க். வாசலில் ஒரு போலீஸ்காரர். மேலத்தெரு மெம்பர். அவருக்கு ஏஜெண்டாக அவருடைய மருமகன். எனக்கு ஏஜெண்டாக என் நாத்தனார். பிறகு நான்.

காலை பதினொரு மணி. பள்ளிக்கூட வகுப்பறை. வார்டுக்கு நின்றது இரண்டே பேர், அவரும் நானும். அதற்கு முன் பத்து வருடம் ஒரே வார்டுக்கு நாங்கள் இரண்டு பேருமே மெம்பர். இனி ஒருவர்தான்.

அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருப்புல்லாணிப் பக்கம். மேலத்தெருக்காரர்களுக்கு நிலம் உண்டு. கீழத்தெருவில் இருக்கும் நாங்கள் அந்த நிலத்தில் மிளகாய் பறிப்போம், களை எடுப்போம். இரண்டு தெருவும் சேர்ந்து ஒரு வார்டு. வார்டுக்கு இரண்டு மெம்பர். ஒரே சீட்டில் எல்லார் சின்னமும் இருக்கும். ஒரு ஆள் இரண்டு முத்திரை வைக்கலாம். முத்திரை வைப்பதை நாங்கள் குத்து என்போம்.

என்னைப் பெற்ற அய்யா சொல்வார், அவர் வாலிபத்தில் டெல்லிக்கே ஒரு தொகுதியிலிருந்து இரண்டு பேரை அனுப்பியது உண்டு என்று. பிறகு அதைப் பிரித்து ஒரு தொகுதிக்கு ஒருவர் என்று ஆக்கினார்களாம். எங்கள் வார்டில் மட்டும் அந்த முறை வெகுகாலம் இருந்தது.

முதல் தடவை எங்களுக்கு அது விளங்கவில்லை. எங்கள் தெரு ஆளுக்கு ஒரு குத்துக் குத்திவிட்டு வந்தது. இரண்டு குத்தினால் செல்லாமல் போய்விடும் என்று பயம். மேலத்தெரு இரண்டு குத்தையும் அவர்கள் ஆட்கள் இரண்டு பேருக்கே குத்தியது. இரண்டு மெம்பரும் அங்கே. குழாய் வால்வின் சாவியும் அங்கே. ஐந்து வருடம் எங்கள் குழாயில் காற்றுதான் வந்தது. தலையில் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்தோம்.

அடுத்த தடவை ஒரு இடம் பெண்ணுக்கு என்றார்கள். தெருவில் பேசி என்னை நிறுத்தினார்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள். அதனால் நிறுத்தினார்கள். மற்ற இடத்துக்கு மேலத்தெருவிலேயே இரண்டு ஆண்கள் நின்றார்கள். அவர்களுக்குள் போட்டி. அதில் ஒருவர், இப்போது எண்ணும் மேசையில் இருக்கும் மெம்பர், எங்கள் தெருவுக்கு வந்தார். அதற்கு முன் அவர் எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்ததில்லை, ஆள் கூப்பிட வந்தாலும் முக்கிலேயே நிற்பார்.

"ஒங்க குத்துல ஒண்ணு எனக்குத் தாங்க. எங்க ஆளுக குத்துல ஒண்ணு ஒங்களுக்கு வாங்கித் தாரேன்" என்றார்.

"தண்ணி?" என்றேன்.

"செவ்வாயும் வெள்ளியும் ஒங்க தெருவுக்கு மொதல்ல."

அப்படித்தான் அது வழக்கமானது. முதல் குத்து நம் தெருவுக்கு, இரண்டாவது அடுத்த தெருவுக்கு. ஓட்டுக் கேட்க இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். மேலத்தெரு வீடுகளில் நான் தனியாகப் போய்க் கேட்க முடியாது. எங்கள் தெருவில் அவர் தனியாகக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நடப்போம். இரண்டு தடவை அப்படி ஜெயித்தோம். வால்வு சாவி ஒரு வாரம் அவரிடம், ஒரு வாரம் என்னிடம். முதலில் அவரை அய்யா என்றுதான் கூப்பிட்டேன். கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. போகப் போக இரண்டு பேரும் ஒருவரையொருவர் மெம்பரு என்றே கூப்பிட ஆரம்பித்தோம்.

பிறகு பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் காகிதம் ஒட்டினார்கள். இனி வார்டுக்கு ஒரு மெம்பர். மேலத்தெருவை நடுவில் வெட்டி, ஒரு பாதியைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள். மறு பாதியும் எங்கள் தெருவும் ஒரு வார்டு. அவர் வீடு அந்தப் பாதியில் வருகிறது. பாதியே என்றாலும் அங்கேதான் ஓட்டு அதிகம். எங்கள் தெரு ஓட்டு நூற்றுப் பதினெட்டு. அவர்களுடையது நூற்றைம்பத்தொன்று. ஓட்டர் லிஸ்டை விரல் வைத்து எண்ணினேன்.

தெருப் பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள்.

"நீ நிக்காட்டி செவ்வா வெள்ளி போச்சு" என்றாள் நாத்தனார்.

"நின்னாலும் தோத்தா போச்சு" என்றேன்.

"அப்பத் தோக்காத" என்றாள்.

மறுநாள் செவ்வாய். வால்வு திறக்கப் போனேன். அந்த வாரம் சாவி அவரிடம். கொண்டுவந்தார்.

"நிக்கிறியளா மெம்பரு?" என்றார்.

"நிக்கச் சொல்றாக. நீங்க?"

"எனக்கும் அதே கததான். மருமகன் விடமாட்டேங்கிறாரு."

வால்வைத் திறந்தார், தண்ணீர் குழாய்க்குள் ஓடியது.

"ஓட்டுக் கேக்க எப்பப் போறிய?" என்றார்.

"சாயந்தரம்."

"இருங்க, நானும் வாரேன்."

வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. அவரோடு போகாமல் மேலத்தெருவில் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் எங்கள் தெரு அப்படித்தான். சேர்ந்தே போனோம். என் சின்னம் சீப்பு, அவர் சின்னம் ஏணி. நான் சீப்பு நோட்டீஸ் கொடுப்பேன், அவர் ஏணி நோட்டீஸ் கொடுப்பார்.

டீக்கடையில் ஒரு ஆள் சிரித்தார். "ஏலே, இங்கன பாரு. வெட்டப்போற ஆளும் ஆடும் கைகோத்து வாராக."

"இதுல எது ஆடுடா?" என்றார் மெம்பர்.

"எண்ணுற அன்னைக்குத் தெரியும்."

எங்கள் தெருவில் ஒரு பெண் கேட்டாள், "ரெண்டு பேருக்கும்தான, போட்டுருவோம்."

"இந்தத் தடவ ஒண்ணுதான். ஒரே குத்து" என்றேன்.

"அப்ப எதுக்கு ரெண்டு பேரும் வந்திய?"

நான் சீப்பு நோட்டீஸை நீட்டினேன். அவர் ஏணி நோட்டீஸை நீட்டினார். அடுத்த வீட்டுக்கு நடந்தோம். அங்கேயும் பழக்கத்தில் அவர் இரண்டு விரலைத் தூக்கிவிட்டார். பிறகு ஒன்றை மடக்கினார்.

ஓட்டு அன்று நாலு பதவிக்கு நாலு சீட்டுக் கொடுத்தார்கள், நாலு நிறம். வார்டுக்கு வெள்ளைச் சீட்டு. சீப்பில் குத்தினேன். என் கை தானாக ஏணிக்குப் போனது. அங்கேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். மை காய ஊதி மடித்துப் போட்டேன். வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். என் கையே அப்படிப் போனால் ஊருக்கு எப்படிப் போகும்.

இரண்டு தெருவிலும் ஒரு ஓட்டு விடாமல் விழுந்தது.

எண்ணிய அன்று நடந்தது இது. சீப்பு ஒரு கட்டு, ஏணி ஒரு கட்டு. மூன்றாவதாக ஒரு கட்டு ஏறிக்கொண்டே போனது. கிளார்க் ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டினார். சீப்பில் ஒரு குத்து, ஏணியில் ஒரு குத்து. செல்லாது. அடுத்ததும் அப்படியே. நாத்தனார் என் முழங்கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

சீப்பு நூற்று இருபத்தொன்று. ஏணி நூற்றுப் பதினாறு.

எங்கள் தெரு மொத்தமும் எனக்கே குத்தியிருந்தால்கூட நூற்றுப் பதினெட்டுத்தான். கூடுதலாக வந்தது மேலத்தெருவிலிருந்து வந்தது. ஒரே குத்து இருந்தும் அதை எனக்குக் கொடுத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். இரண்டாவது குத்தை மிச்சத்தில் கொடுப்பது வேறு. இது அப்படி இல்லை. யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் போவதில்லை.

மருமகன் எழுந்தார். "மறுபடி எண்ணுங்க சார்."

எண்ணினார்கள். அதேதான்.

"அந்தச் செல்லாத கட்டப் பாருங்க. எங்க ஆளுக மொதல்ல ஏணியிலதான் குத்தியிருப்பாக. மொதக் குத்தக் கணக்குல எடுக்கணும்."

அதிகாரி ஒரு சீட்டை அவரிடம் நீட்டினார். "இதுல எது மொதக் குத்துன்னு நீங்களே சொல்லுங்க தம்பி."

மருமகன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உக்காருங்க மாப்ள" என்றார் மெம்பர். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "அதுல ஒண்ணு என்னுது மெம்பரு."

கை தவறியா, தெரிந்தா என்று நான் கேட்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து வால்வு சாவியை எடுத்து மேசையில் வைத்தார். அந்த வாரமும் அவர் முறைதான்.

"இனி ஒங்ககிட்டத்தான் இருக்கும். திங்களும் வியாழனும் எங்க தெருவுக்குத் தொறந்து விடுங்க. மறந்துராதிய."

பத்து வருடம் முன்னால் நான் கேட்டதை இப்போது அவர் கேட்கிறார். சாவியை அவர் பக்கமே தள்ளினேன்.

"வெள்ளிக்கெழம நீங்க தொறங்க. ஞாயித்துக்கெழம வாங்கிக்கிறேன். எப்பவும் போலத்தான்."

எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அதிகாரி படிவத்தை நிரப்பினார். சீப்பு எழுதினார். ஏணி எழுதினார். குத்தே இல்லாமல் மடித்துப் போட்டது மூன்று, அதையும் எழுதினார். பேனாவை நிறுத்தி டீச்சரைப் பார்த்தார்.

"ரெண்டு சின்னத்துலயும் குத்துனது எத்தன?"

டீச்சர் கட்டைப் பிரித்து எச்சில் தொட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். நானும் மெம்பரும் கூடவே எண்ணினோம்.

இருபத்தொன்பது.