டிக் எடுத்தால் தண்ணீர்

மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். சிவப்பாக இருந்தால் சாயம் பூசியிருப்பார்களோ என்று விரலால் தேய்த்தும் பார்ப்பேன். பெட்ரோல் பங்கில் பூஜ்யத்தைக் காட்டிவிட்டுத்தான் போடுகிறார்கள். அப்புறமும் மீட்டரை விட்டு என் கண் நகராது. என் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் சந்தேகப் பிராணி. பிறவிக் குணம், என்ன செய்ய? வேலையும் அதற்குத் தகுந்தாற்போலத்தான் வாய்த்தது.

திருவொற்றியூரில் வெள்ளக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். இவ்வளவு மழை பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று, மழையைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பெய்யவிட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் சிமுலேஷன் மாடல். பல வருடங்களாகச் செய்த மாடல்கள் எல்லாம் ஒரே டேட்டாபேஸில் குவிந்து கிடக்கின்றன. யாராவது கேட்டால் தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை. திரையின் இடது ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும்: எந்த ஊர், ஆற்று வெள்ளமா மழை வெள்ளமா, முடிந்ததா முடியாததா. டிக் போடப் போட, வரும் மாடல்கள் குறைந்துகொண்டே போகும். கடைசியில் நிற்பதுதான் நமக்கு வேண்டியது என்று நம்ப வேண்டும். நான் அவ்வளவு சுலபமாக நம்புகிறவள் இல்லை.

அந்த வருடம் அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம். டாக்டர் கார்த்திகையில்தான் நாள் சொல்லியிருந்தார். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். தாய்வீடு என்றால் சடையங்குப்பத்தில் இருக்கும் என் அக்கா வீடு. நாலு நாள் சேர்ந்தாற்போலப் பெய்தால் தெருவே குளமாகிற இடம். என் வீடு திருவொற்றியூரில் இரண்டாவது மாடி, ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். அக்கா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

"தலப்பிரசவத்த எவளாவது தங்கச்சி வூட்டுல வச்சிப்பாளா? ஊரு சிரிக்கும்டி. தரைய தூக்கி கட்டிட்டோம், புதுக் கால்வா வந்துட்ச்சி. தண்ணியாவது ஒண்ணாவது!"

புதுக் கால்வாய் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அதை நம்பி ஒரு பிள்ளைத்தாய்ச்சியை அங்கே படுக்கவைப்பதா? மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் டேட்டாபேஸைத் திறந்தேன்.

சடையங்குப்பம் என்று ஆங்கிலத்தில் அடித்தேன். எதுவும் இல்லை என்று வந்தது. அக்கா வாழ்க்கைப்பட்டுப் போய்க் குடித்தனம் நடத்தும் ஊரே இல்லையாம். நம் பக்கத்து ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். திருவொற்றியூருக்கே நான் பார்த்த எழுத்துக்கு அளவில்லை. ஓர் எழுத்தைச் சேர்த்தேன், எடுத்தேன், கடைசியில் பெயரை நடுவில் உடைத்து இரண்டு சொல்லாக்கினேன். உடைத்ததும் வந்தது. எழுதியவன் யாரோ, அவனை மனதுக்குள் நன்றாகத் திட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

மழை வெள்ளம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். சரிபார்த்தது என்ற கட்டத்திலும் போட்டேன். அதாவது, நிஜமாக வந்த வெள்ளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த மாடல். ஒன்றே ஒன்று மிஞ்சியது. படத்தைத் திறந்தால் அக்கா தெரு வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் தண்ணீர் இல்லை. சுற்றிலும் அங்கங்கே நீலம், அவள் தெரு மட்டும் துடைத்துவைத்த மாதிரி.

வெளுத்ததெல்லாம் பாலா? யார் சரிபார்த்தார்கள், எதை வைத்து என்று குறிப்பைப் படித்தேன். கால்வாய் வருவதற்கு முன்னால் வந்த வெள்ளத்தோடு ஒப்பிட்டிருந்தார்கள். கால்வாயைப் பிற்பாடு வரைபடத்தில் உள்ளபடி சேர்த்திருந்தார்கள். வரைபடத்துக் கால்வாயில் ஆகாயத்தாமரை கிடையாது. பிளாஸ்டிக் பையும் பழைய மெத்தையும் கிடையாது. தண்ணீர் சமர்த்தாக ஓடிப் போய்விடும். நான் கண்ணால் பார்த்த கால்வாயில் ஒரு நாய் கால் நனையாமல் நடந்து அக்கரைக்குப் போனது.

அப்போதுதான் கவனித்தேன். நான் போடாத டிக் ஒன்று மேலே ஏற்கெனவே இருந்தது: இறுதி வடிவம் மட்டும். டேட்டாபேஸைத் திறந்தவுடன் தானாக விழுகிற டிக். போன் கடையில் புது ஆப் போட்டுக் கொடுக்கும் பையனிடம்கூட, நீயாக எதற்கும் சரி கொடுக்காதே என்று சண்டை போடுகிறவள் நான். அப்படிப்பட்டவள் கண்ணில் இது இத்தனை நாள் படவில்லை. எரிச்சலோடு அந்த டிக்கை எடுத்தேன். இன்னொரு மாடல் வந்து நின்றது. வரைவு என்று போட்டிருந்தது. கால்வாய் பாதி அடைபட்டால் என்ன ஆகும் என்று யாரோ பார்த்திருக்கிறார்கள். அதில் அக்கா தெரு முழுக்க நீலம்.

எதற்காக வரைவாகவே விட்டார்கள்? வேண்டுமென்றே அமுக்கினார்களா? பக்கத்து இருக்கை இஞ்சினியரிடம் கேட்டேன்.

"வேல குடுத்தவங்க இந்தக் கணக்கக் கேக்கல மேடம், அதனால முடிக்கல. அவ்ளோதான்" என்றார், தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்காமல். அவர் தலையைத் தூக்காததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டேட்டாபேஸ் திறக்கும் ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வண்ணாரப்பேட்டையில் புகுந்தவீட்டில் இருந்த அக்கா மகளும் அன்று அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிய, வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இத்த பாருக்கா" என்று, இறுதி வடிவம் மட்டும் என்ற அந்த டிக்கோடு காட்டினேன். வெள்ளை. டிக்கை எடுத்தேன். நீலம்.

அக்கா திரையைப் பார்க்கவேயில்லை. என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகத்திலும் அவள் எனக்கு அக்கா.

"நீ டிக்கு போட்டா தண்ணி இல்ல, எட்த்தா தண்ணி வர்து. தண்ணி வானத்துலேந்து வர்தா, உன் வெரல்லேந்து வர்தாடி?"

"அது வேற கணக்குக்கா, இது வேற..."

"சொம்மா டபாய்க்காத. உனுக்கு இன்னா வேணுமோ அத்த தேடி எட்த்துகினு வந்துகீற. உனுக்கு புள்ள இல்ல. எம் பொண்ணு உன் வூட்டுல பெத்துக்கணும், நீ மொதல்ல மடில போட்டுக்கணும். அதுக்குத்தான் இந்தத் தண்ணி."

என் காது சூடாகிவிட்டது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அந்த வார்த்தையை வேறு யார் சொல்லியிருந்தாலும் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்து போயிருப்பேன். ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. ஆபீஸில் அந்த வெள்ளைப் படம் வந்தபோது அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நீலத்தைப் பார்த்த பிறகுதான் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"ஆமாக்கா" என்றேன். "ஆசையும் கீது. தண்ணியும் கீது. ரெண்டும் நெசம்."

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள். அதற்குள் அவள் மகள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சின்னம்மா, அந்த நீலத்த வுடு. அம்மாவுக்குப் புடிச்ச வெள்ளப் படத்தயே போடு. வூடு தெரியுது. ஆஸ்பத்திரிக்கிப் போற ரோடு எங்க?"

டிக்கைத் திரும்பப் போட்டுப் படத்தை நகர்த்தினேன். தெரு வெள்ளை. தெரு முடிந்து சின்னப் பாலத்தைத் தொட்டால் நீலம். அங்கிருந்து மெயின் ரோடு வரைக்கும் நீலம். அக்காவுக்குச் சாதகமான படத்திலேயே அப்படி. நான் அந்த வீட்டை மட்டும்தான் பார்த்திருந்தேன். அக்காவுக்கும் அந்த வீடு மட்டும்தான் கண்ணில் இருந்தது.

"வலி எட்த்தா ஆட்டோ எப்டிம்மா வரும்?" என்று அவள் அம்மாவைக் கேட்டாள். குரலில் சண்டை இல்லை, பயம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்காகச் சண்டை போட்ட நாளெல்லாம் அவள் அந்தப் பயத்தோடுதான் இருந்திருக்கிறாள்.

அந்த ரோட்டு நீலத்தையும் நான்தான் பூசிக்கொண்டு வந்தேனோ என்பதுபோல அக்கா என்னை முறைத்தாள். பிறகு மகளின் வீங்கிய காலைப் பார்த்தாள்.

"தாயி எங்க கீறாளோ அதான் தாய் வூடு" என்றாள். "நானும் வரேன். எம் பொண்ண இவகிட்ட தனியா வுட மாட்டேன்."

வந்தாள். தன் குக்கர், தன் பாய், தான் அரைத்த மிளகாய்த்தூள் எல்லாவற்றோடும் வந்தாள். என் வீட்டு உப்பைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குழம்பில் போட்டாள். கார்த்திகையில் மழையும் வந்தது. சடையங்குப்பத்துப் பாலம் முழுகிவிட்டது, தண்ணீர் வீட்டு வாசற்படியோடு நிற்கிறது, உள்ளே வரவில்லை என்று அவள் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். தான் சொன்னது சரி என்று அவளும், நான் சொன்னது சரி என்று நானும் வைத்துக்கொண்டோம்.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தது. காலை நீட்டி உட்காரச் சொல்லி, "புடி" என்று அக்காவே என் மடியில் வைத்தாள். குழந்தையின் தலைக்குக் கீழே இருந்த தன் கையை மட்டும் எடுக்கவில்லை. பெயர் வைக்கும்வரைக்கும், அதற்கு அப்புறமும், எப்போது என் மடியில் வைத்தாலும் அந்தக் கை அங்கேயே இருந்தது. குழந்தையின் கனத்தில் பாதிதான் எனக்கு வந்தது. கையை எடு என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.