பெரியப்பா வரும்வரை பால் கிடையாது

தாய்ப்பால் ஆலோசகர் வேலையில் தாயிடம் பேசுவது கொஞ்சம்தான். கட்டிலைச் சுற்றி நிற்பவர்களிடம் பேசுவதுதான் அதிகம். பிரசவ வார்டில் ஒரு நாளாவது துணைக்கு இருந்தவர்களுக்கு என் பாடு புரியும். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில், நான் சேர்ந்த புதிதில், ஒரே காலையில் ஒரே கட்டிலில் கண்டவை இவை.

விரல் நுனிக்குக் காத்திருப்பு

செல்விக்கு ஆறு மணிக்கு ஆண் குழந்தை. ஒன்பது மணிக்கு நான் போனபோது பிள்ளை வீரிட்டுக்கொண்டிருந்தது. இன்னும் பால் கொடுக்கவில்லை. "பிறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள..." என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குழந்தையின் பெரியப்பா வந்து, சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் சேனை வைக்க வேண்டுமாம். முதல் ருசி யார் கையோ, பிள்ளைக்கு அவர் குணமாம். நர்ஸ் சத்தம் போட்டும் பலனில்லை. செல்வியின் மாமியார் சிரித்தார்: "தொப்பூர் தாண்டிட்டானுங்க கண்ணு. நாலு ரிக்கு ஓட்டறவன் கை வேணுமா, அவசரம் வேணுமா?"

தூக்குப்போசி

அவரே தூக்குப்போசியைத் திறந்து எனக்கு ஒரு கரண்டி நீட்டினார். வீட்டு மாடு கன்று போட்டிருந்தது. வெல்லம் போட்டுக் காய்ச்சிய சீம்பால். வாங்கும்போதுதான் கட்டிலோரம் மஞ்சளாக நனைந்த துணியைப் பார்த்தேன். செல்வியின் சீம்பாலைப் பிழிந்து துடைத்திருக்கிறார்கள்!

"மாட்டோடதைச் சாப்பிடறோம், அம்மாவோடதை மட்டும் ஏங்க...?"

"மாட்டுது தெம்பு சாமி. இது பத்து மாசம் உள்ளயே கெடந்து கெட்டது, பச்சப்புள்ளைக்கு ஆகுமா?"

கதவோரம்

பத்தரைக்கு அழுகை முனகலாக இளைத்தது. பசித்த பிள்ளை சத்தம் குறைவது நல்லதற்கில்லை. டாக்டரைக் கூப்பிட எழுந்தேன். கீழே பெரியப்பாவின் கார் வந்து நிற்க, எல்லோரும் ஓடினார்கள். அதுவரை வாயே திறக்காத செல்வி எழுந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, கதவைச் சாத்துங்க. எப்படிப் புடிக்கோணும்னு மட்டும் சொல்லுங்க."

தாழ்போட்டுவிட்டு வந்து சொன்னேன். பிள்ளை கப்பென்று பிடித்துக்கொண்டது. வெளியே யாரோ கதவைத் தட்டியபோது, "செக்கப் நடக்குதுங்க" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் என்னிடம் இருந்தது அன்றுதான் தெரியும்.

கால் மணி நேரம் கழித்துப் பெரியப்பா விரலை நனைத்துக்கொண்டு வந்தார். வயிறு நிறைந்த பிள்ளை அசந்து தூங்கியது, உதடே பிரியவில்லை. மாமியாருக்குப் பூரிப்பு: "பெரியப்பன் காத்துப் பட்டதுமே புள்ள எப்படி அடங்கிருச்சு பாத்தீங்களா!"

கல்லூரியில் தாய்ப்பால் பற்றி எனக்கு எல்லாமே சொல்லிக்கொடுத்தார்கள், கதவைத் தாழ்போடுவதைத் தவிர.