காதுக்குள் வளர்ந்த எலும்பு

காதில் அழுக்கு அடைத்திருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் டாக்டரிடம் போனேன். ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. காது மூக்கு தொண்டை பார்க்கிற லேடி டாக்டர் மெல்லிய குழாய் ஒன்றை என் வலது காதுக்குள் விட்டு, எதிரே இருந்த திரையைப் பார்க்கச் சொன்னார். மூன்று பக்கத்திலிருந்தும் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் புடைத்துக்கொண்டு நின்றன. நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு இடுக்கு, அதற்குப் பின்னால் இருட்டு. என் உடம்புக்குள் இப்படி ஒன்று இத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறதா என்று திரையை உற்றுப் பார்த்தேன்.

"அந்த அழுக்க எடுத்துடுங்க மேடம்" என்றேன்.

"அது அழுக்கு இல்லைங்க. எலும்பு. காதுக்குள்ள எலும்பு வளர்ந்திருக்கு."

பக்கத்தில் நின்ற என் மனைவி, "மாதாவே!" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். பல் விழுகிற வயசில் எவனுக்காவது எலும்பு வளருமா?

என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கிறவன் என்றேன். அலை அரிக்காமல் இருக்க திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலுக்குள் கல் கொட்டி நீட்டியிருக்கிறார்களே, அந்தக் கல்லின் அடியில் சிப்பி கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, உளியால் பெயர்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். மீசை முளைப்பதற்கு முன்பே இறங்கினேன். இப்போது மீசை நரைத்துவிட்டது.

"சாதாரணமா இது குளிர்ந்த கடல்ல அலை விளையாட்டு விளையாடுறவங்களுக்கு வரும். நம்ம ஊர்ல அதிகம் பாக்கறதில்ல" என்றார் டாக்டர். "நீங்க காலம் முழுக்க விடியக்காலைல முங்கி, ஈரக் காதோட காத்துல உக்காந்திருக்கீங்க. தண்ணியும் காத்தும் படப்பட, காது தன்னைக் காப்பாத்திக்க எலும்பை வளர்த்துக்கிட்டே போயிருக்கு. இடது பக்கம் பாதி மூடியிருக்கு. வலது பக்கம் கிட்டத்தட்ட மூடிடுச்சு. அதான் காது கேக்கல."

"யாரு சொன்னா கேக்கலன்னு? சோக்கா கேக்குது. போன வாரம்கூட தட்டிப் பாத்தோமே."

டாக்டருக்குப் புரியவில்லை. சொன்னேன். எங்களில் ஒருவன் கீழே இறங்கினால் இன்னொருவன் போட்டில் இருப்பான். விசைப்படகு கிட்டே வந்தாலோ, காற்று மாறினாலோ, கையிலிருக்கிற இரும்பால் போட்டின் பக்கவாட்டில் தட்டுவான். அந்தச் சத்தம் தண்ணீருக்குள் கணீரென்று கேட்கும். எவனுக்காவது காதில் சந்தேகம் வந்தால் எங்களுக்கு ஆஸ்பத்திரி கிடையாது. தண்ணீருக்குள் இறக்கி மேலே இருந்து தட்டுவோம். கேட்டால் காது நல்ல காது. என் மனைவியின் தம்பிதான் என் போட்டில் இருப்பவன், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பன். வருஷா வருஷம் அவன் தட்டுவான், நான் மேலே வந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவேன். நான் தேறாமல் போனதே இல்லை.

டாக்டர் ஒரு இரும்புக் கவட்டையை எடுத்து முழங்கையில் தட்டி, என் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒன்றுமில்லை. திரும்பத் தட்டி, அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினார். மண்டைக்குள் மணி அடித்தது.

"கேக்குது! கேக்குது!" என்று எழுந்தே விட்டேன்.

"எலும்பு வழியா கேக்குது. உள்காது உங்களுக்கு அருமையா இருக்கு. தண்ணிக்குள்ள போனா சத்தம் மண்டை எலும்பு வழியாத்தான் உள்ள போகும். காதை அடைச்சே வச்சாலும் அந்தத் தட்டல் கேக்கும். உங்க சோதனை தண்ணிக்குத்தான் சரி. கரைக்கு இல்லை. முங்கி எழுந்ததும் அந்த இடுக்குல தண்ணி நின்னுடும். அப்ப நீங்க முழுச் செவிடு."

அந்த வார்த்தையை எந்த மனிதன் முகத்துக்கு நேரே வாங்கிக்கொள்வான்? நான் வாங்கிக்கொள்ளவில்லை.

காதுக்குப் பின்னால் அறுத்து, எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ட்ரில்லால் செதுக்கி எடுப்பார்களாம். முதலில் வலது காது, ஆறினபிறகு இடது. முழுசாக ஆறுகிறவரை, அதாவது சில மாசம், தலையில் கடல் தண்ணீர் படக் கூடாது. செவிப்பறை கிழியலாம், காதில் இரைச்சல் வந்து தங்கிவிடலாம். முகத்தை அசைக்கிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, அதில் பட்டால் ஒரு பக்கம் முகம் கோணிப்போகலாம். இதெல்லாம் ரொம்ப அபூர்வம் என்றார்.

"அபூர்வம்னா வருமா, வராதா?"

"வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க."

வெளியே வந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "யோவ், அந்தம்மா இம்மாந்தூரம் சொல்லுது, கல்லு மாரி குந்திகினு இருந்தியே. பண்ணிக்கயா. வூட்ல நான் கத்தற கத்து தெரு முனை வரைக்கும் கேக்குது, ஒனக்குக் கேக்கல. டிவிய அலற வுடற. பூசைல எல்லாரும் முட்டி போட்டப்பறம் நீ மட்டும் பனமரம் மாரி நின்னுகினு கீற. எனக்கு மானம் போவுது."

"மூஞ்சி கோணிப்போச்சுன்னா?"

"இப்ப மட்டும் இன்னா, மன்மதனா கீறியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீருக்குள் நான் ராஜா. எத்தனையோ பேர் பாதியில் மேலே வந்துவிடுகிற ஆழத்தில் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடப்பேன். அப்படிப்பட்டவன் ஒரு பக்க உதடு தொங்கி, கஞ்சி ஒழுக, போகிறவன் வருகிறவன் எல்லாம் 'ஐயோ பாவம்' என்று பார்க்க உட்கார்ந்திருப்பதா? சாவுக்குக்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மச்சானும் என் பக்கம்தான். "கத்திய வைக்க சொன்னா ஒடனே வச்சிப்பியா மாமா? பேஜாரு. நாளைக்குத் தட்டிப் பாப்போம், நீயே சொல்லு." மறுநாள் தட்டினான். கேட்டது. பிசிறில்லாமல் கேட்டது. மேலே வந்து விரலைத் தூக்கிக் காட்டினேன். அவன் விசிலடித்தான் போல, உதடு குவிந்திருந்ததைப் பார்த்தேன். இரண்டு பேரும் சந்தோஷமாகக் கரைக்கு வந்தோம்.

ஆனால் டாக்டர் என் தலைக்குள் எதையோ போட்டு அனுப்பியிருந்தார். அதுவரை கவனிக்காததை எல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன். எண்ணூர் சாலையைக் கடக்கும்போது பின்னால் கன்டெய்னர் வண்டி மூச்சு விடுகிற தூரத்துக்கு வந்தபிறகு, தரை அதிர்ந்துதான் தெரிந்தது. டிரைவர் வாயைத் திறந்து திறந்து திட்டினான். கெட்ட வார்த்தைதான், ஆனால் எது என்று தெரியவில்லை. மணலி ஆலை நாற்றம் மூக்குக்கு வந்தது, கடல் கண்ணுக்குத் தெரிந்தது, அலைச் சத்தம் மட்டும் இல்லை. எத்தனை நாளாக இல்லை என்று யோசித்தேன். சொல்ல முடியவில்லை. யாரோ என்னைச் சுற்றி ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள், நான் உள்ளே உட்கார்ந்து சொகுசாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். அதற்கப்புறம் நடக்கும்போது அடிக்கடி திரும்பிப் பார்க்கிற பழக்கம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழிக் காற்று அடங்கிய ஒரு காலையில் போனோம். கடல் தூங்குகிற மாதிரி இருந்தாலும் அடியில் ஒரு புரளல் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. "சீக்கிரம் முடிச்சிகினு போலாம்டா" என்றேன். நிறையவே கிடைத்தது. பை நிரம்பியதும் மேலே ஏறி, போட்டின் முன்பக்கம் கடலைப் பார்த்து உட்கார்ந்து, கொத்துகளை உளியால் பிரித்துக்கொண்டிருந்தேன். மச்சான் பின்பக்கம் நின்று நங்கூரக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். நங்கூரம் கல்லிடுக்கில் மாட்டியிருந்தது. இரண்டு காதிலும் தண்ணீர். தலையை ஆட்டினாலும் இறங்கவில்லை.

போட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. அலை என்று நினைத்தேன். திரும்ப ஒருமுறை சாய்ந்து, சாய்ந்தபடியே கொஞ்ச நேரம் நின்றது. காலை அகட்டி வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். பிறகு படக்கென்று நிமிர்ந்தது. பிரித்த சிப்பியைப் போடச் சாக்கு கேட்கலாம் என்று திரும்பினேன்.

பின்னால் யாரும் இல்லை.

அவனுடைய துண்டு கிடந்தது. நங்கூரக் கயிறு விறைத்துக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. "டேய்!" என்று கத்தினேன். என் குரலே எனக்கு எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. குதித்தேன்.

தலை தண்ணீருக்குள் போனதும் எல்லாம் கேட்டது. போட்டின் அடியில் தொம் தொம் என்று குதிகாலால் உதைக்கிற சத்தம். அவ்வளவு தெளிவாக என் வாழ்க்கையில் எதையும் கேட்டதில்லை. கயிறு ஒரு கணுக்காலில் சுற்றி அவனைத் தலைகீழாகப் பிடித்திருந்தது, மற்றக் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். நான் கிட்டே போகிறதற்குள் உதைப்பது குறைந்தது. இடுப்புக் கத்தியால் கயிற்றை அறுத்து, தலைமயிரைப் பிடித்து மேலே கொண்டுவந்தேன். எப்படிப் போட்டில் ஏற்றினேன் என்று இன்றைக்கும் தெரியாது. வயிற்றில் அமுக்கி அமுக்கி, அடித்து, கெட்ட வார்த்தையில் திட்டி, மாதாவைக் கூப்பிட்டு, அழுதேன். கடைசியில் தண்ணீரைக் கக்கினான். இருமினான். உயிர் இருந்தது.

கணுக்கால் எலும்பு தெரிகிற மாதிரி உரிந்திருந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்தான். வாய் அசைந்தது. குனிந்து, பாதியாவது திறந்திருக்கிற என் இடது காதை அவன் வாயோடு ஒட்டவைத்தேன்.

"கூப்ட்டேனே மாமா... போட்டு ஓரத்து கம்பிய புட்ச்சிகினு தொங்கிகினே கூப்ட்டேன். ஒன் முதுகத்தான் பாத்துகினு இருந்தேன். நீ திரும்பவே இல்ல."

கை நீட்டினால் எட்டுகிற தூரம். போட்டு சாய்ந்தபடி நின்றதே, அந்த நேரமெல்லாம் அவன் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறான். நான் சிப்பி பிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கரையில் கேட்டவர்களுக்கெல்லாம் "கயிறு மாட்டிக்கிச்சி, மாமாதான் காப்பாத்திச்சி" என்றான். ஆட்கள் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அவன் அக்காளிடமும் அதையேதான் சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் அவளை உட்காரவைத்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவன் கூப்பிட்டதையும் சொன்னேன். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். வந்து என் வலது பக்கம் உட்காரப்போனவள் நின்று, சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு மூஞ்சி கோணிகினு போனா போவட்டும்" என்றாள். ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நான் சோறூட்டறேன். வாய தொடச்சி வுடறேன். எவன் சிரிக்கறான்னு பாக்கறேன். என் தம்பி கூப்ட்டா ஒனக்குக் கேக்கணும். அவ்ளோதான்யா எனக்கு வோணும்."

எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் அப்படியே இருந்தது. இப்போது அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை திரும்பிப் பார்க்கும்போது கயிறும் விறைப்பாக இல்லாமல், உதைக்கிற சத்தமும் இல்லாமல், வெறும் கடல் மட்டும் இருந்தால்? மறுநாளே டாக்டரிடம் போய்ச் சரி என்றேன்.

ஆபரேஷன் அன்று காலையில் பச்சை அங்கி மாட்டி, வலது காதுக்குப் பின்னால் மயிரை வழித்துக் கட்டிலில் உட்காரவைத்திருந்தார்கள். மச்சான் காலில் கட்டோடு வெளியே பெஞ்சில் இருந்தான். டாக்டர் வந்தார். நரம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ள வேண்டுமாம். புருவத்தைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், மூடினேன்.

"எங்க, பல்லு தெரிய சிரிங்க பாப்போம்."

எனக்கு உதடு வரவில்லை. டாக்டர் காத்திருந்தார். என் மனைவி கட்டில் ஓரத்தில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

"போதும். ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போனார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் கிட்டே வந்து, இடது பக்கமாகக் குனிந்தாள்.

"இன்னொரு தபா சிரிய்யா" என்றாள். "நான் செரியா பாக்கல."