வேட்டைக்கு வாங்கிய உடுப்பு

நான் வேட்டைக்காரனாக இருந்தது மொத்தம் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் என் அம்பு ஒரு முயலின் மயிரைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் அந்த வேட்டையால்தான் கொழும்பில் என் தம்பி மறியலுக்குப் போனான், சிறையில் கிடந்தான். இதை யாரிடமாவது சொன்னால் விசர்க்கதை கதைக்கிறாய் என்பார்கள். எனக்கே சில நாட்களில் அப்படித்தான் படும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலெர்மோவில், நானும் மனைவியும் கபோ சந்தைக்கு மேலே, ஐந்தாம் மாடியில், ஒரு அறையும் குசினியுமாக இருந்தோம். அவளுக்கு ஒரு சின்யோராவின் வீட்டில் வேலை. எனக்கு ஓய்வுபெற்ற ஒரு என்ஜினியர் வீட்டில் சமையல், துடைப்பு, அயர்ன், தோட்டம் எல்லாம். மனிதர் நல்லவர். இளமையில் துவக்கோடு வேட்டைக்குப் போனவர். காது மந்தமான பிறகு அந்தச் சத்தம் ஆகாது என்று வில்லுக்கு மாறியிருந்தார். மலைப்பக்கம் அவருக்கு ஒரு பாதாம் காணி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் தூக்க என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார்.

அவர் வில்லோடு புதருக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது. கிழமை முழுவதும் இதைத் துடை, அதை மடி என்று கேட்டுக்கொண்டிருப்பவன் நான். ஒரு மணித்தியாலம் ஒருவரும் கூப்பிடாமல் ஓரிடத்தில் நிற்க வேண்டும் போல இருந்தது. துவக்கை நான் கையால் தொடமாட்டேன். வில் அப்படியில்லை; காசைக் கொடுத்தால் கடையில் யாருக்கும் தருவார்கள். வாங்குவது வேறு, அதால் மிருகம் அடிப்பது வேறு, அதற்கு லைசென்ஸ் வேண்டும், சோதனை எழுத வேண்டும், காப்புறுதி கட்ட வேண்டும் என்று என்ஜினியர் தெளிவாகத்தான் சொன்னார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அந்தச் சோதனையை இத்தாலிய மொழியில் எழுதி நான் எந்தக் காலத்தில் பாஸ் பண்ணுவது? என் காணிதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கடைசியில் அவரும் விட்டுவிட்டார்.

அவருடைய வில்லின் விலைக்கு நாங்கள் மாதக்கணக்கில் வீட்டு வாடகை கட்டலாம். ஆகவே நான் நகரின் மறுகோடியிலிருக்கும் பிரான்காச்சோவுக்கு பஸ் ஏறினேன். அங்கே மோட்டார் சைக்கிள் திருத்துகிற ஒருவன் கராஜ் சுவரில் பழைய வில் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். இரண்டு நுனியிலும் சின்னச் சக்கரம் மாதிரிச் சில்லு வைத்த கறுப்பு வில். ஒரு சில்லு இறுகிப்போயிருந்தது, நாண் பிய்ந்திருந்தது. முன்னால் ஒரு கறுப்புக் கம்பி துவக்குக் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. வில் ஆடாமல் இருக்கத்தான் அது என்றான். நான் விலை பேசிப் பேசி, அவன் சலித்துப்போய்த் தந்தான். வீட்டுக்கு வந்து புது நாண் போட்டு இழுத்துப் பார்த்த பிறகுதான், அது என்னைவிட உயரமான ஒருவனின் கைக்கு அளவெடுத்தது என்று விளங்கியது. முழுதாக இழுத்தால் என் கை காதைத் தாண்டிப் போனது. அதைச் சரிபண்ண ஒரு துண்டு மாற்ற வேண்டும். அந்தத் துண்டு வில்லைவிட விலை. காதுக்குப் பின்னால் இழுத்தே பழகிக்கொண்டேன்.

அம்புகள் என்ஜினியர் கழித்துவிட்டவை. கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, துள்ளுகிறவற்றை விலக்கியபோது நேரானவை மூன்றுதான் மிஞ்சின. நாண் அடித்து இடது முன்கை நீலமாக வீங்கியதால், பழைய சப்பாத்துத் தோலை வெட்டி அதில் கட்டிக்கொண்டேன். அரிசிச் சாக்கில் கந்தல் துணியை அடைத்து மொட்டைமாடியில் இலக்கு வைத்தேன். மூன்றாம் நாளே ஒரு அம்பு சாக்குக்கு மேலால் போய், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைத் துளைத்துவிட்டது. ஓடிப்போய் அம்பைப் பிடுங்கி, துளைக்குச் சூயிங்கம் வைத்து அடைத்துவிட்டு, பூனை மாதிரிப் படியிறங்கி வந்தேன். அந்த வீட்டு அம்மா ஒரு கிழமை பிளம்பரைத் திட்டினாள். நான் வாயே திறக்கவில்லை.

காணியிலும் என் வீரம் அவ்வளவுதான். இறுகின சில்லுக்கு நான் நல்லெண்ணெய் போட்டிருந்தேன். தலைக்குத் தேங்காயெண்ணெய். நீ மலையேறுவதற்கு முன்பே உன் வாசனை ஏறிவிடுகிறது, முயல்கள் சமையல் தொடங்கிவிட்டது என்று ஓடுகின்றன என்று என்ஜினியர் பகிடி பண்ணினார். ஒரே ஒரு தடவை, பதினைந்து அடிக்குள் ஒரு முயல் வந்து உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். பாதி இழுவையில் சில்லு கிறீச்சென்றது. முயல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. வெட்கமாக இருந்தது, ஆனால் உள்ளுக்குள் சந்தோசமும் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன.

கபோ சந்தையில் பழைய உடுப்புக் குவியல் ஒன்றில் பச்சையும் மண்ணிறமும் திட்டுத்திட்டாகப் போட்ட காற்சட்டையும் மேற்சட்டையும் கிடைத்தன. வேட்டைக் கடையில் விற்கிற விலையோடு பார்த்தால் அது சும்மா தந்த மாதிரி. யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் அந்த நிறத்தைக் கண்டாலே ஒழுங்கை மாறி வேறு தெருவால் போனவன் நான். ஆமியும் அதைத்தான் போட்டது, அதோடு சண்டைபிடித்த இயக்கமும் அதைத்தான் போட்டது. ஆனால் சந்தையில் அதைக் கையில் எடுத்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மனைவிக்கும் தோன்றவில்லை. கால் கொஞ்சம் நீளம், மடிச்சுத் தைக்கலாம் என்றுதான் அவள் சொன்னாள். ஆறு வருசத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் கோபம் வரும்.

அதைப் போட்டு, வில்லை முதுகில் மாட்டிக்கொண்டு காணியில் ஒரு படம் எடுத்தேன். அன்று கூட வந்திருந்த மனைவிதான் எடுத்தாள். வில் முழுதாக விழவில்லை. தோளுக்கு மேலே கறுப்பாக ஒரு வளைவும் அந்தக் கம்பியும் மட்டும் தெரிந்தன. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்த நாட்களில் தம்பி இத்தாலிக்கு வருவதற்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்துக்கொண்டிருந்தான். அவனை ஏற்றி அனுப்ப யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவும் கூட வந்திருந்தாள். அண்ணன் இங்கே கோப்பை மட்டும் கழுவவில்லை என்று அவனுக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது. கொழும்புக்குப் போன ஒருவரின் கையில் படத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் என்ஜினியரின் சேர்ட் அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கும்போது, உனக்கு வெளிநாட்டிலிருந்து போன் என்று கூப்பிட்டார். அக்கா.

"தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். லொட்ஜைச் செக் பண்ண வந்தவங்கள், உன்ரை படம் அவன்ரை பைக்குள்ளை இருந்தது."

எனக்கு எந்தப் படம் என்று உடனே விளங்கவில்லை. விளங்கியபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். அவன் அந்தப் படத்தை லொட்ஜில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறான். பொலிசுக்கு அது இயக்கத்தின் வரி உடுப்பு, தோளில் ஆயுதம். இது ஆர், எந்த முகாம், மற்ற ஆக்கள் எங்கை என்றுதான் அவர்களின் கேள்வி. அக்கா ஒரு வழக்கறிஞரைப் பிடித்திருந்தாள். படத்தில் இருக்கிறவன் இத்தாலியில் வேலை செய்கிற அண்ணன்தான், அந்த உடுப்பு எதற்கு என்று அங்கேயிருந்து மதிப்பான ஒருவர் எழுதி, முத்திரை வைத்து அனுப்பினால் பிள்ளையை வெளியே எடுக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். வேட்டை லைசென்ஸ் இருந்தால் அதன் பிரதியே போதுமாம்.

லைசென்ஸ். அந்தச் சொல்லைக் கேட்டு என்ஜினியருக்கு முன்னால் நின்று அழுதேன். அவருக்கும் கண் கலங்கியது. ஆனால் எழுத மாட்டேன் என்றார்.

"நீ வேட்டையாடினாய் என்று நான் எழுதினால், லைசென்ஸ் இல்லாத ஒருவனைக் கூட்டிப்போனேன் என்று நானே கையெழுத்து வைப்பது போல. என்னுடையது பறிபோகும். உன் பெர்மெஸ்ஸோ என்ன ஆகும் என்று யோசித்தாயா?"

எங்கள் இரண்டு பேரின் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியும் அடுத்த மாதம் புதுப்பிக்கக் கொடுக்க இருந்தது. அது போனால் வேலை போகும், தம்பிக்கு அனுப்புகிற காசும் போகும், அவன் இங்கே வருகிற வழியும் போகும். நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம் இது. பயந்தேன் என்பதுதான் உண்மை. என்ஜினியர் ஒரு வழி சொன்னார். இவன் என் வீட்டில் நேர்மையாக வேலை செய்கிறான், படத்தில் இருப்பது தோட்ட வேலைக்குப் போடுகிற உடுப்பு, தோளில் இருப்பது மரம் வெட்டுகிற கருவி என்று எழுதித் தருவதாகச் சொன்னார். மனைவியிடம் கேட்டேன். எதையாவது எழுதிக் கெதியா அனுப்புங்கோ என்றாள்.

அதே உடுப்பைப் போட்டு, கையில் மண்வெட்டியோடு தோட்டத்தில் நின்றேன். சாட்சிக்கு இன்னொரு படம் வேண்டுமே. என்ஜினியர்தான் எடுத்தார். கொஞ்சம் சிரி என்றார், நானும் சிரித்தேன். கடிதத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி, முத்திரை குத்தி, இரண்டையும் கூரியரில் அனுப்பினோம். அன்று இரவு கன நாளைக்குப் பிறகு நித்திரை கொண்டேன்.

அக்காவிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். தம்பி அங்கே என்ன சொல்லியிருக்கிறான் என்று. கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை, என்ஜினியருக்கும் தோன்றவில்லை. உள்ளே இருக்கிறவனுக்கும் வாய் இருக்கிறது என்பதை மறந்துவிட்டோம்.

வழக்கு நாளன்று ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த போன் பூத்தில் நின்று அக்காவுக்கு எடுத்தேன். நல்ல செய்திதான் வரும் என்று நம்பி, மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அக்கா சுகம்கூட விசாரிக்கவில்லை. நேரே கேட்டாள்.

"அவன் முதல் நாளே உண்மையைச் சொல்லிப்போட்டான். அண்ணை வில்லாலை முயல் வேட்டையாடுறவர் எண்டு. கடதாசியிலை வில்லைக் கீறியும் காட்டினவன். எங்களுக்கே இண்டைக்குக் கோட்டிலைதான் தெரியும். நீ ஏன் தோட்டம் எண்டு எழுதினனி?"

இரண்டு சில்லையும் கம்பியையும் சரியாகக் கீறியிருக்கிறான். நான் அவனுக்கு முன்பு போட்ட கடிதத்தில் அவ்வளவு விபரமாக எழுதியிருந்தேன். அதைப் பார்த்துப் பொலிஸ்காரர்கள் சிரித்தார்களாம், ஆனாலும் எழுதிவைத்துக்கொண்டார்கள். இப்போது அண்ணனின் எஜமான் முத்திரை வைத்து அனுப்பிய கடிதம், தம்பி பொய் சொல்கிறான் என்று சொல்கிறது. இவர்களில் யார் எதை மறைக்கிறார்கள் என்று பொலிஸ் தரப்பு கேட்டிருக்கிறது. மறியலை நீட்டிவிட்டார்கள்.

மறுநாள் விடிய பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போனேன். உள்ளதை உள்ளபடி சொல்லி, தண்டனை என்ன கிடைத்தாலும் கிடைக்கட்டும், அதையாவது ஒரு கடதாசியாக வாங்கி அனுப்புவோம் என்றுதான் போனேன். மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றேன். யன்னலுக்குப் பின்னால் இருந்தவர் என்ன வேண்டும் என்று கேட்டார். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒரு தாளைத் தந்தார். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, படியில் குந்தியிருந்து, என்னை நானே ஊத்தைத் தமிழில் திட்டினேன்.

அதற்கும் பிறகு வழக்கறிஞரே கை விரித்துவிட்டார். இனி உண்மையை எழுதினாலும் மூன்றாவது கதையாகத்தான் எடுப்பார்கள், ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று அக்கா மூலம் சொல்லியனுப்பினார். நான் வேலைக்குப் போனேன், வந்தேன். எங்கள் இரண்டு பேரின் அனுமதியும் ஒரு தடங்கலும் இல்லாமல் புதுப்பிக்கப்பட்டு வந்தது. அதைக் கையில் வாங்கிய நாளில் மனைவி சமைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ஜினியர் தனியே காணிக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வில்லை அலுமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன், பிறகு ஒருநாள் பிரான்காச்சோக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் காசு தரவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

பதின்மூன்று மாதத்துக்குப் பிறகு, குற்றம் ஒன்றும் சாட்டாமல் தம்பியை விட்டார்கள். வெளியே வந்த மூன்றாம் நாள் அவனோடு கதைத்தேன். குரல் மெலிந்து போயிருந்தது. சாப்பாடு, அம்மாவின் சுகம், அக்காவின் இருமல் என்று ஏதேதோ கதைத்தோம். உள்ளே நடந்ததை நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. போனை வைக்கப்போகும்போது, ஒண்டு கேக்கட்டோ என்றான்.

"அண்ணை, நீங்கள் உண்மையா வேட்டைக்குப் போனனீங்கள்தானே?"

"ஓம் தம்பி. போனனான்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அப்ப சரி. அந்தக் கடிதத்தைக் காட்டின பிறகு நானும் தோட்டம் எண்டு மாத்திச் சொல்லிப்போட்டன். அதுக்குத்தான் கூட அடிச்சவங்கள். நீங்கள் எழுதினதுக்கு மாறா நான் கதைச்சா, அங்கை உங்களுக்கு ஏதும் வந்திடுமோ எண்டு நினைச்சன்."