நியூகாசில் ரயிலில் அண்ணையோடு

இங்கிலாந்தில் நான் முதன்முதலாக ரயிலேறிய அன்று, இருக்கையில் அமர்ந்ததுமே அண்ணை என் கைபேசியை வாங்கி அணைத்துத் தன் குளிர்ச்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இது ஜெர்மன் சிம். இங்கை போட்டுக் கதைச்சியெண்டால் வீடு வித்துத்தான் பில் கட்டவேணும்," என்றார். அண்ணையின் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சில்லை. நானும் நம்பினேன்.

நாங்கள் கூடப்பிறந்தது மூன்று பேர், நான் ஒருத்திதான் பெண். அண்ணை ஜெர்மனியில் டுசல்டோர்ஃபில், நான் பக்கத்து ஊரான கெல்சென்கிர்ச்சனில், கடைக்குட்டித் தம்பி இங்கிலாந்தில் நியூகாசிலில். தம்பிக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று முதல்நாள் பின்னேரம் அண்ணை வந்து சொன்னார். உடனே அடுப்பை மூட்டி, தம்பிக்குப் பிடித்த பருத்தித்துறை வடை சுட்டேன். சாகிற நோயாக இருந்தால் அண்ணையின் முகம் காட்டிக்கொடுத்திருக்கும் என்பது என் கணக்கு. அதனால் லண்டனிலிருந்து வடக்கே போன அந்த ரயிலில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரே சந்தோஷம். கொரோனாவுக்கு முன் கண்ட தம்பியை அல்லவா காணப் போகிறேன்!

யன்னலுக்கு வெளியே செம்மறிகள் மேய்ந்தன. "உங்கை பார் பிள்ளை, குட்டியளை," என்று அண்ணை சின்னப்பிள்ளைக்குக் காட்டுவதுபோலக் காட்டிக்கொண்டு வந்தார். டிக்கெட் பார்க்க வந்த பெண்ணுக்கு நான் ஜெர்மன் மொழியில் வணக்கம் சொல்லிவிட்டேன். பாடுபட்டுப் படித்த ஒரே வெள்ளைக்காரப் பாஷை அதுதானே. அவள் விழிக்க, அண்ணை சிரிக்க, எனக்கும் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

யோர்க் தாண்டியதும் ரயில் வெட்டவெளியில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்க்கிற நேரம் முடிந்துவிடுமே என்று நான் துடித்தேன். "அவசரப்படாதை. அவன் எங்கை போகப்போறான்," என்றார் அண்ணை. பிறகு, "பசிக்குது, ரெண்டு வடை தாவன்," என்று கையை நீட்டினார். அது தம்பிக்கு என்று நான் பையை இழுத்துக்கொண்டேன். அண்ணை எழுந்து கழிவறைப் பக்கம் போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

நியூகாசிலில் ஏற்றிக்கொண்ட கார் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தம்பியின் வீட்டு வாசலில் சப்பாத்துகளும் செருப்புகளும் குவிந்து கிடந்தன. அதற்குமேல் எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. அண்ணை என்னிடம் வருவதற்கு முன்பே தம்பி செத்துப்போயிருந்தான். தூரவழி வருகிறவர்களுக்குச் சாவைச் சொல்லக்கூடாது, வழியில் ஏதும் நடந்துவிடும் என்பது எங்கள் வழக்கம். நான் அண்ணையின் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தேன். "என்னை ஏன் சிரிக்க விட்டனீங்கள்?"

அவர் அடியை வாங்கிக்கொண்டு நின்றார். "இன்னுமொரு பகலாவது உனக்குத் தம்பி இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

செத்தது அவருக்கும் தம்பிதான் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் நம்பாத பிறவியாகிவிட்டேன்.

இந்த மாசியில் அண்ணி டுசல்டோர்ஃபிலிருந்து பேசினார். "மச்சாள், அண்ணைக்குக் கடுமையாய்க் கிடக்கு. உடனை ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. உங்களைத்தான் கேக்கிறார்."

எனக்குத் தெரியாதா இந்தப் பேச்சு? போனை வைத்துவிட்டு நிலத்தில் விழுந்து அழுதேன். கனடாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அண்ணை போய்விட்டார் என்று அறிவித்தேன். அலுமாரியைக் கிளறி வெள்ளைச் சேலையைத் தேடி எடுத்து உடுத்தேன். டுசல்டோர்ஃப் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. செத்தவரிடம் போக என்ன அவசரம்?

ஆஸ்பத்திரி அறையில் அண்ணி கட்டிலோரம் தனியாக இருந்தார். அண்ணையின் கையைத் தொட்டேன். சூடு ஆறவில்லை.

"இப்பதான் மச்சாள், இப்பதான். கடைசிமட்டும் வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தவர்," என்று விம்மிய அண்ணி, நிமிர்ந்து என் சேலையைப் பார்த்தார்.

"நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே. உங்களுக்கு ஆர் சொன்னது?"